கருவிழியைத் தொடாத தொடுவில்லை

நுழையும்முன்

கண்ணாடி அணிந்தும் தெளியாத பார்வை சிலருக்கு உண்டு. விழித்திரையும் பார்வை நரம்பும் குறையின்றி இருக்கும். கண்ணின் முகப்பில் உள்ள மெல்லிய படலம் மட்டும் தன் உருவத்தை இழந்திருக்கும். அந்தப் படலத்தை மாற்றாமலே, அதன்மேல் சிறிதளவு நீரை நிறுத்திப் பார்வையை மீட்கும் வழியொன்று உண்டு. அவ்வழி பிறந்த கதையையும் அது செயல்படும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

பதினாறு வயது மாணவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கரும்பலகையில் உள்ள எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் எழுத்து ஒட்டிக்கொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றுகிறது. இரவில் தெருவிளக்குகள் வால்மீன்போல ஒளிக்கோடுகளை இழுக்கின்றன. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் வானத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக நான்கைந்து நிலவுகள் தெரிகின்றன. ஆறு மாதத்திற்கு ஒருமுறை கண்ணாடியின் அளவு மாறுகிறது. மாற்றிய கண்ணாடியும் நிறைவு தருவதில்லை. 'கண்ணாடிதான் போட்டிருக்கிறாயே, இன்னும் ஏன் தப்பும் தவறுமாகப் பார்த்து எழுதுகிறாய்?' என்னும் கேள்வியை அவர் வீட்டிலும் பள்ளியிலும் கேட்கிறார். விடை அவருக்கும் தெரியாது. கவனக்குறைவு என்று பிறர் முடிவு செய்கின்றனர். நாளடைவில் அவரும் அப்படியே நம்பத் தொடங்குகிறார். அவருக்கு இருப்பது கவனக்குறைவன்று. அது கெரட்டோகோனஸ் எனப்படும் கூம்புக் கருவிழி நோயாக இருக்கலாம். பெரும்பாலும் உங்கள் வயதில்தான் அது தலைகாட்டுகிறது.

கருவிழி என்னும் சாளரம்

தமிழில் கருவிழி என்று நாம் சொல்லும் பகுதியின் முகப்பில் இருப்பது கார்னியா எனப்படும் கருவிழிப்படலம். பெயரில் கருமை இருப்பினும் அப்படலத்திற்கு நிறமே இல்லை. தூய கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவது. அதன் பின்னால் உள்ள கதிராளியின் நிறமும் கண்மணியின் இருளுமே நமக்குக் கருமையாகத் தெரிகின்றன. ஏறத்தாழ பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலமும், நடுவில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுந்த தடிமனும் உடைய சிறு குவிமாடம் அது.

பார்வை என்றதும் கண்ணுக்குள் இருக்கும் விழிவில்லையே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், கண்ணின் மொத்தத் திறனான ஏறத்தாழ 60 டயாப்டரில் 43 டயாப்டர் அளவுக்கு ஒளியை வளைப்பது கருவிழிப்படலமே. காற்றிலிருந்து கண்ணுக்குள் நுழையும் ஒளி முதலில் சந்திக்கும் வளைபரப்பு அதுதான். ஆகவே, அப்பரப்பில் ஏற்படும் நுண்ணிய கோணலும் காட்சியில் பெரிதாக வெளிப்படும்.

இப்படலத்தின் உறுதிக்குக் காரணம் கொலாஜன் என்னும் புரத இழைகள். இருநூற்றுக்கும் மேற்பட்ட மெல்லிய அடுக்குகளாக அவை பாவும் ஊடும்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்துள்ளன. ஒளிபுகும் தன்மை கெடாதிருக்க, இப்படலத்தில் குருதிக்குழாய்கள் இல்லை. குருதி இல்லாத இடத்திற்கு உயிர்வளி எவ்வாறு வந்து சேர்கிறது? நாம் கண் விழித்திருக்கும் நேரமெல்லாம் காற்றிலுள்ள உயிர்வளி கண்ணீரில் கரைந்து கருவிழிப்படலத்தை அடைகிறது. கருவிழி காற்றை நேரடியாகச் சுவாசிக்கிறது என்றே கூறலாம். இச்செய்தியை நினைவில் கொள்ளுங்கள். தொடுவில்லையின் நூறாண்டு வரலாறு இதைச் சுற்றியே சுழல்கிறது.

குவிமாடம் கூம்பாகும்போது

சிலருக்கு வளரிளம் பருவத்தில் கொலாஜன் அடுக்குகளின் பிணைப்பு தளர்கிறது. படலம் ஓரிடத்தில் மெலிகிறது. கண்ணின் உள்ளழுத்தம் இயல்பான அளவில் இருந்தாலும், மெலிந்த இடம் அதைத் தாங்காமல் முன்னோக்கிப் புடைக்கிறது. சீரான குவிமாடம் மெல்ல மெல்லக் கூம்பாகிறது; அக்கூம்பின் முனையும் பெரும்பாலும் நடுவில் இராது, சற்றுக் கீழே சரிந்திருக்கும். கொம்பு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும் கூம்பு எனப் பொருள்படும் சொல்லும் சேர்ந்து கெரட்டோகோனஸ் என்னும் பெயர் அமைந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த ஜான் நாட்டிங்ஹாம் என்னும் மருத்துவர் 1854ஆம் ஆண்டு இந்நோயைப் பற்றித் தனிநூலே எழுதினார்.

இந்நோய் பெரும்பாலும் இரு கண்களையும் தாக்கும். ஆனால் ஒரே அளவில் தாக்குவதில்லை. பதின்ம வயதில் தொடங்கி முப்பது, நாற்பது வயதுவரை வளர்ந்து, பின்னர்த் தானே ஓய்வது இதன் பொதுவான போக்கு. படிப்பும் தொழிலும் அமைய வேண்டிய ஆண்டுகளை இது எடுத்துக்கொள்கிறது என்பதே இதன் கொடுமை. இரண்டாயிரம் பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக, அமெரிக்காவில் மேற்கொள்ளப்பட்டு 1986ஆம் ஆண்டு வெளியான ஆய்வு கணித்தது. கருவிகள் கூர்மையடைந்தபின் ஆசிய நாடுகளிலும் மத்தியக் கிழக்கு நாடுகளிலும் நடந்த ஆய்வுகள் இதைவிட மிகுதியான எண்ணிக்கையைக் காட்டின.

காரணம் ஒன்றன்று. குடும்பவழி வருவது உண்டு. டவுன் நோய்க்குறி உடையவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது உண்டு. ஆனால், நம் கையிலேயே இருக்கும் ஒரு காரணம், கண்ணைக் கசக்கும் பழக்கம். ஒவ்வாமையால் கண் அரிக்கும்போது கைவிரல் முட்டியால் அழுத்தித் தேய்ப்பவர்கள் பலர். அரிப்பு அப்போதைக்கு அடங்கும். மெலிந்த படலமோ ஒவ்வொரு தேய்ப்பிலும் மேலும் தளரும். 'கண்ணைக் கசக்காதே' என்று வீட்டில் மூத்தோர் கடிந்துகொள்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். தூசு விழுந்தால் கண் புண்ணாகும் என்பதற்காகச் சொல்லப்பட்ட அறிவுரை அது. கருவிழியின் வடிவத்தையும் அது காத்துவந்திருக்கிறது. அரிப்புக்குத் தீர்வு குளிர்ந்த நீரில் நனைத்த துணியும் மருத்துவர் தரும் சொட்டு மருந்துமே.

தொடக்கநிலையில் எதிரே நின்று பார்ப்பவருக்குக் கண்ணில் எந்த மாற்றமும் தெரியாது. போர்ச்சுகல் நாட்டைச் சேர்ந்த அந்தோனியோ பிளாசிடோ 1880ஆம் ஆண்டு எளிய கருவியொன்றை அறிமுகப்படுத்தினார். கருப்பு, வெள்ளை வட்டங்கள் ஒன்றனுள் ஒன்றாக வரையப்பட்ட தட்டு அது. அதைக் கண்ணெதிரே பிடித்தால், கருவிழியின் ஈரப்பரப்பில் அவ்வட்டங்கள் எதிரொளிக்கும். நலமான கண்ணில் அவை வட்டமாகவே தெரியும். கூம்பிய கண்ணில் நசுங்கியும் நெருங்கியும் முட்டை வடிவில் தெரியும். இன்றைய கணினிக் கருவிகளுள் பலவும் அதே வட்டங்களை எதிரொளிக்கச் செய்து, மலைப்பகுதியின் நிலப்படம்போலக் கருவிழியின் மேடுபள்ளங்களை வண்ணங்களில் வரைந்து காட்டுகின்றன.

கண்ணாடி ஏன் போதவில்லை?

கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் கண்ணாடி போதுமானதாக இருக்கும்போது, இதற்கு மட்டும் ஏன் அது பயன்படுவதில்லை? சாதாரணச் சிதறல் பார்வையில் கருவிழி ஒரு திசையில் மிகுதியாகவும் அதற்குச் செங்குத்தான திசையில் குறைவாகவும் வளைந்திருக்கும். வளைவில் வேறுபாடு இருந்தாலும் அதில் ஓர் ஒழுங்கு உண்டு. ஆகவே உருளை வில்லையால் அதைச் சரிசெய்ய முடிகிறது. கூம்பிய கருவிழியில் அந்த ஒழுங்கும் இல்லை. அருகருகே உள்ள இரு புள்ளிகள் ஒளியை வெவ்வேறு திசைகளுக்கு அனுப்புகின்றன. கண்ணிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விலகி நிற்கும் கண்ணாடியால் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியே ஈடுசெய்ய இயலாது. விழி அசையும்போதெல்லாம் அப்புள்ளிகளும் இடம்மாறிவிடும்.

மென்மையான தொடுவில்லை உதவுமா என்று கேட்கலாம். தொடக்கநிலையில் ஓரளவு உதவும். செக்கோஸ்லோவாக்கியாவின் வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே 1961ஆம் ஆண்டு உருவாக்கிக் காட்டிய மென்வில்லை உலகெங்கும் கோடிக்கணக்கானோருக்குப் பயன்பட்டது. ஆனால் நோய் முற்றும்போது, அதன் சிறப்பான மென்மையே குறையாகிவிடுகிறது. கூம்பின்மேல் போர்த்திய ஈரத்துணிபோல அது படிந்து, கூம்பின் வடிவத்தையே தானும் ஏற்றுக்கொள்கிறது.

கிணற்று நீரில் ஒரு பாடம்

கிணற்றிலோ குளத்திலோ மூழ்கிக் கண்விழித்துப் பார்த்தவர்களுக்கு ஓர் அனுபவம் இருக்கும். நீருக்குள் எல்லாம் மங்கலாகத் தெரியும். நீர் கலங்கியிருப்பது மட்டும் அதற்குக் காரணமன்று. தெளிந்த நீரிலும் அப்படித்தான். ஒளி எவ்வளவு வளையும் என்பது, பரப்பின் இருபுறமும் உள்ள ஊடகங்களின் ஒளிவிலகல் எண்களுக்கு இடையிலான வேறுபாட்டைப் பொறுத்தது. காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1. கருவிழிப்படலத்துக்கு அது 1.376. வேறுபாடு 0.376. கண்ணீருக்கும் உப்புநீருக்கும் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.336. கருவிழிக்கு முன்னால் காற்றுக்குப் பதிலாக இந்த நீர் நின்றால், வேறுபாடு 0.040 மட்டுமே. அதாவது, கருவிழியின் முன்பரப்பு தன் திறனில் பத்தில் ஒரு பங்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இழந்துவிடுகிறது.

நலமான கண்ணுக்கு இது இழப்பு. கூம்பிய கண்ணுக்கோ இதுவே பேறு. பரப்பு தன் திறனை இழக்கும்போது தன் கோணலையும் சேர்த்தே இழக்கிறது. பத்துப் பங்குக் குறை ஒரு பங்காகச் சுருங்குகிறது. இனி வேண்டுவது ஒன்றுதான்: அந்த நீருக்கு முன்னால் சீராகக் கடைந்த வளைபரப்பு ஒன்றை நிறுத்தி, இழந்த திறனை ஈடுசெய்ய வேண்டும். கருவிழி செய்துவந்த பணியை அப்புதிய பரப்பு ஏற்றுக்கொள்ளும்.

இதை வகுப்பறையிலேயே செய்து பார்க்கலாம். தேய்க்கப்பட்ட மங்கல் கண்ணாடியின் சொரசொரப்பான பக்கத்தில் சில துளி நீரை விட்டு, அதன்மேல் வழவழப்பான கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து ஒளிக்கு எதிரே பிடியுங்கள். சற்றுமுன் மறைந்திருந்த காட்சி அந்த இடத்தில் மட்டும் தெளிவாகும். மங்கல் கண்ணாடியின் சொரசொரப்பு நீங்கிவிடவில்லை. நீர் அதை நிரவிவிட்டது. வெண்விழி வில்லையின் அடிப்படை இவ்வளவே.

கண்ணாடி ஊதியவர்கள்

இக்கருத்துப் புதியதன்று. இத்தாலிய ஓவியர் லியோனார்டோ டா வின்சி 1508ஆம் ஆண்டு வாக்கில் எழுதிய கண் பற்றிய குறிப்பேட்டில், நீர் நிறைந்த கிண்ணத்தில் முகத்தை அமிழ்த்திப் பார்க்கும் மனிதரின் படம் உள்ளது. தொடுவில்லையைக் கண்டவர் அவரே என்று சிலர் எழுதுவது மிகை. கண் எவ்வாறு காண்கிறது என்பதை அறியவே அவர் முயன்றார். ஆங்கில அறிவியலாளர் தாமஸ் யங் 1801ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இன்னும் ஒரு படி முன்னே சென்றார். சிறு நுண்ணோக்கியின் வில்லையை ஒரு குழாயின் முனையில் பொருத்தி, குழாயில் நீரை நிரப்பித் தம் கண்ணோடு சேர்த்து வைத்துக்கொண்டார். கருவிழியின் திறன் நீங்கியபின்னும் கண்ணால் அருகிலும் தொலைவிலும் குவியத்தை மாற்ற முடிகிறதா என்று அறிவதே அவர் நோக்கம். நோயாளி எவரையும் அவர் நினைக்கவில்லை. பின்னர் வானியலாளர் ஜான் ஹெர்ஷல்தான், உருக்குலைந்த கருவிழியின்மேல் ஒளிபுகும் கூழ் நிரப்பிய கண்ணாடிக் கிண்ணத்தை வைத்தால் பார்வை திருந்துமே என்று எழுதினார். எழுதியதோடு நின்றார்.

செய்து காட்டியவர், சூரிச் நகரில் பணியாற்றிய அடால்ஃப் ஃபிக் என்னும் கண் மருத்துவர். மெல்லிய கண்ணாடிக் கிண்ணங்களை முதலில் முயல்களுக்கும், பிறகு தமக்கும், அதன்பின் நோயாளிகளுக்கும் பொருத்தினார். கிண்ணத்துக்கும் கண்ணுக்கும் இடையே சர்க்கரைக் கரைசலை நிரப்பினார். 1888ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரையில், 'தொடுகண்ணாடி' என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லை அவற்றுக்குப் பெயராக இட்டார். அதே ஆண்டு பாரிசில் எழேன் கால்ட் கூம்புக் கருவிழி நோயாளிகளுக்குக் கண்ணாடி ஓடுகளைப் பொருத்தினார். அடுத்த ஆண்டு, ஜெர்மனியின் கீல் நகரில் மருத்துவம் பயின்ற ஆகஸ்ட் முல்லர் தம் முனைவர் ஆய்வுக்காக அத்தகைய வில்லைகளைச் செய்தார். 14 டயாப்டர் அளவுக்குக் கிட்டப்பார்வை உடையவர் அவர். தம் கண்ணிலேயே சோதித்தார். கண்ணை மரத்துப்போகச் செய்யும் மருந்தை இட்டுக்கொண்டும் அரை மணி நேரத்துக்கு மேல் அவரால் பொறுக்க முடியவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இம்மூவரும் செய்தவை இன்றைய பொருளில் வெண்விழி வில்லைகளே. கண்ணின் வெள்ளைப் பகுதியில் அமர்ந்து, கருவிழியின்மேல் கவிந்து, இடையில் நீரைத் தேக்கி நின்ற வில்லைகள் அவை. ஒளியியல் கணக்கில் அவர்கள் எங்கும் பிழை செய்யவில்லை. ஆனாலும் அவை தோற்றன. அணிந்த சில மணி நேரத்தில் கண் சிவந்தது. விளக்குகளைச் சுற்றி வானவில் வளையங்கள் தெரிந்தன. பார்வை பனிமூட்டம்போல் மங்கியது. கண்ணாடியின் கனம், விளிம்பின் அழுத்தம், நீரின் உப்பளவு என்று ஒவ்வொன்றாக ஐயுற்றுத் திருத்திப் பார்த்தனர். ஹங்கேரி நாட்டின் யோசெஃப் டல்லோஸ் உயிருள்ள கண்ணிலிருந்தே அச்செடுத்துக் கண்ணுக்குக் கண் தனித்தனி வில்லை செய்தார். 1930களில் கண்ணாடிக்குப் பதிலாகக் கனமற்ற நெகிழி வந்தது. வில்லை கண்ணில் கச்சிதமாகப் பொருந்தியது. மூட்டம் மட்டும் நீங்கவில்லை.

கருவிழி மூச்சுத் திணறியதே காரணம். கண்ணாடியும் அக்கால நெகிழியும் காற்றைத் துளியும் உள்ளே விடாதவை. உயிர்வளி கிட்டாத கருவிழிப்படலம் நீரை உறிஞ்சி வீங்கித் தன் தெளிவை இழந்தது.

1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் கெவின் டூஹி, கருவிழியின் அளவைவிடச் சிறிய வில்லையைச் செய்தார். இமைக்குந்தோறும் அது சற்றே நகர, புதிய கண்ணீர் அடியில் புகுந்தது. உயிர்வளியும் அதனோடு சென்றது. பெரிய வெண்விழி வில்லைகள் மருத்துவமனைகளின் அலமாரிகளில் ஒடுங்கின. ஆனால் சிறிய வில்லை அமர்ந்த இடமோ நோயுற்ற கருவிழியின் உச்சி. கூம்பு கூர்மையாக ஆக, அது முனையில் உரசித் தழும்பை உண்டாக்கியது. தூசு புகுந்து வலித்தது. திரும்பிப் பார்த்தால் தெறித்து விழுந்தது. அதைப் பொறுத்துக்கொண்டவர்கள் பார்வை பெற்றனர். பொறுக்க முடியாதவர்களுக்கு அறுவை மருத்துவமே மிஞ்சியது.

திரும்பி வந்த பழைய வழி

தீர்வு வேதியியலிலிருந்து வந்தது. 1970களில் சிலிக்கான் சேர்ந்த புதுவகை நெகிழிகள் உருவாயின. பார்வைக்குக் கண்ணாடிபோல் உறுதியானவை. ஆயினும் உயிர்வளி மூலக்கூறுகள் அவற்றின் ஊடாகவே புகுந்து செல்லும். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த டான் எசக்கியேல், இத்தகைய நெகிழியால் வெண்விழி வில்லை செய்த செய்தியை 1983ஆம் ஆண்டு வெளியிட்டார். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெரி ரோசந்தால் என்னும் மருத்துவர் அதை மேலும் செம்மைப்படுத்தி, 1992ஆம் ஆண்டு அதற்கெனவே அறக்கட்டளை ஒன்றைத் தொடங்கினார். அங்கு உருவான முறையில் பயிற்சி பெற்றுப் பொருத்தும் மையங்களுள் ஐதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் நிறுவனமும் சென்னையின் சங்கர நேத்ராலயாவும் அடங்கும். ஃபிக் கைவிட்ட வடிவம், ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின், மூச்சுவிடும் பொருளால் மறுபிறவி எடுத்தது.

இன்றைய வெண்விழி வில்லையின் விட்டம் பெரும்பாலும் 15 முதல் 20 மில்லிமீட்டர்வரை இருக்கும். சிலருக்கு இன்னும் பெரிது. ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலத்தை ஒட்டிய பொருள் கண்ணுக்குள் போகுமா என்று தயங்குவது இயல்பே. இமைகளுக்கு உள்ளே இடம் உண்டு. மேலும், உடலில் நரம்பு முனைகள் மிகவும் நெருங்கியுள்ள இடங்களுள் கருவிழிப்படலமும் ஒன்று. வெண்விழியோ அவ்வளவு உணர்ச்சி உடையதன்று. சிறிய வில்லை உறுத்தும் கண்ணில் பெரிய வில்லை உறுத்தாமல் இருப்பது இதனால்தான். தொடுவில்லை என்னும் பெயர் இதற்கு அரைகுறையாகவே பொருந்துகிறது. தொட வேண்டாத இடத்தை இது தொடுவதே இல்லை.

வில்லைக்கும் கருவிழிக்கும் இடையே நிற்கும் நீரின் ஆழம் கால் மில்லிமீட்டர் அளவு. அது மிகுந்தால் உயிர்வளி கடந்து வரும் தொலைவு கூடும்; குறைந்தால் கூம்பின் முனை வில்லையில் உரசும். இந்த அளவைச் சரியாக அமைப்பதே பொருத்துநரின் கலை. ஒளிரும் பச்சைச் சாயத்தை நீரில் கலந்து, நீல ஒளியில் அதன் ஆழத்தை மதிப்பிடுவர். வில்லை மெல்ல அமிழ்ந்து அமரும் என்பதால், அணிவித்தவுடன் பார்த்து முடிவு செய்வதில்லை. காத்திருந்து மீண்டும் பார்ப்பர். வெண்விழியும் எல்லாப் பக்கமும் ஒரே வளைவுடையதன்று. மூக்குப் பக்கம் ஒரு மாதிரியும் காதுப் பக்கம் வேறு மாதிரியும் இருக்கும். விளிம்பு ஓரிடத்தில் அழுத்தினால் அங்குள்ள நுண்குருதிக்குழாய்கள் வெளிறும். தூக்கி நின்றால் காற்றுக்குமிழி புகும். ஒரு கண்ணுக்கு இரண்டு மூன்று முறை வில்லையைத் திருத்திச் செய்வது அரிதன்று.

கருவிழியின் பின்பரப்பிலுள்ள கோணலையும், ஏற்கெனவே விழுந்த தழும்பையும் இந்த நீரால் நிரவ இயலாது. ஆகவே எல்லாருக்கும் முழுத்தெளிவு கிட்டும் என்று சொல்ல முடியாது. ஆயினும், பார்வைப் பலகையின் மேல்வரிகளோடு நின்றவர்கள் அடிவரிகளைப் படிக்கும் அளவுக்குத் தேறுவது பல கண்களில் நிகழ்கிறது. கடுமையான வறட்சியால் திறக்கவே முடியாத கண்களுக்கும், மருந்து ஒவ்வாமையால் வரும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயில் புண்பட்ட கண்களுக்கும் இதே நீர்த்தேக்கம் நாள்முழுதும் ஈரக்காப்பாக அமைகிறது.

வில்லை செய்வதும் செய்யாததும்

வெண்விழி வில்லை கூம்புக் கருவிழியைக் குணப்படுத்துவதில்லை. அது வளர்வதைத் தடுப்பதும் இல்லை. இதைத் தெளிவாகச் சொல்லாத விளம்பரம் எதுவாயினும் ஏற்கத்தக்கதன்று. இரவில் வில்லையைக் கழற்றியதும் பழைய மங்கல் திரும்பிவிடும். நோயின் வளர்ச்சியைத் தடுக்கத் தனி மருத்துவம் உண்டு. ரிபோஃபிளேவின் எனப்படும் பி2 உயிர்ச்சத்துக் கரைசலைக் கருவிழியில் ஊறவிட்டு, 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாக் கதிரைச் செலுத்தினால், கொலாஜன் இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் உண்டாகிப் படலம் இறுகுகிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் வோலன்சாக், ஸ்பொயர்ல், சைலர் ஆகியோர் நோயாளிகளிடம் இதன் பயனை 2003ஆம் ஆண்டு வெளியிட்டனர். இழந்த வடிவத்தை இது பெரும்பாலும் மீட்பதில்லை. இருக்கும் வடிவத்தை நிலைநிறுத்துகிறது. ஆகவே காலம் இங்கே முதன்மையானது. பதினாறு வயதில் கண்டறிந்தால் காக்கக்கூடியது மிகுதி. இருபத்தைந்தில் கண்டறிந்தால் இழந்தது மிகுதி. வளர்ச்சியைத் தடுப்பது அம்மருத்துவம், எஞ்சிய குறையை நிரவுவது வில்லை என்று இரண்டின் பணியும் வேறு வேறு.

நோய் மிக முற்றினால் முன்பெல்லாம் கருவிழி மாற்று அறுவையே கதி என்றிருந்தது. இன்றும் தழும்பு ஆழமாக விழுந்த கண்களுக்கு அது தேவை. ஆனால் முற்றிய நிலை ஒன்றே அறுவைக்குக் காரணமாகாது என்பது தெளிவாகி வருகிறது. பெல்ஜியம் நாட்டு மருத்துவர்கள் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இல்லையேல் மாற்று அறுவைக்குச் சென்றிருக்கக்கூடிய 51 கண்களுள் 40 கண்கள் வெண்விழி வில்லையாலேயே நீண்டகாலம் பயன்பெற்றன. மாற்றுக் கருவிழி என்பது மறைந்த ஒருவரின் கொடை. வில்லையால் தேறக்கூடிய கண்ணுக்கு அதைச் செலவிடாதபோது, வேறு வழியே இல்லாத கண்ணுக்கு அது சென்று சேர்கிறது.

தெரிந்து தெளிவோம்
மனிதக் கருவிழியை மற்றொரு மனிதருக்குப் பொருத்தி நிலைபெறச் செய்த முதல் அறுவையை 1905ஆம் ஆண்டு டிசம்பர் 7 அன்று எட்வர்ட் சிர்ம் என்னும் மருத்துவர் செய்தார். அது நடந்த ஓலோமோட்ஸ் நகரம் இன்று செக் குடியரசில் உள்ளது.

அணியும் முறை

இவ்வில்லையை அணிவதற்குப் பயிற்சி வேண்டும். பொறுமை அதைவிட மிகுதியாக வேண்டும். முதல் நாள் அரை மணி நேரம் முயன்றும் ஒரு கண்ணில்கூட வைக்க முடியாமல் சலித்துப்போகிறவர்கள் உண்டு. ஓரிரு வாரங்களில் அவர்களே சில நிமிடங்களில் வைத்துக்கொள்வர். கைகளைச் சோப்பிட்டுக் கழுவி முற்றும் உலர்த்திக்கொள்ள வேண்டும். குழாய்நீரோ கிணற்றுநீரோ வில்லையில் படவே கூடாது. கொதிக்கவைத்து ஆறிய நீரையும் பயன்படுத்தக்கூடாது. சாதாரண நீரில் வாழும் அகாந்தமீபா என்னும் ஒருசெல் உயிரி கருவிழியில் புகுந்தால், மீள்வதற்கு மாதக்கணக்கில் ஆகும். பார்வையே போவதும் உண்டு. பதப்பொருள் சேராத தூய உப்புக்கரைசலையே நிரப்ப வேண்டும்; கரைசல் நாள்முழுதும் கருவிழியோடு தேங்கி நிற்பதால், அதில் கலந்த எதுவும் நாள்முழுதும் கருவிழியைத் தாக்கும்.

நண்பகலுக்குமேல் சிலருக்குப் பார்வை மங்கும். கண்ணீரிலுள்ள கொழுப்பும் கசடும் நீர்த்தேக்கத்தில் சேர்வதே காரணம். அப்போது வில்லையைக் கழற்றிப் புதுக்கரைசல் நிரப்பி மீண்டும் அணிய வேண்டும். பள்ளியில் படிப்பவருக்கு இது எளிதன்று. உணவு இடைவேளையில் தூய்மையான ஓரிடமும் ஒரு கண்ணாடியும் பத்து நிமிடமும் அவருக்குத் தேவை. உடன் பயில்பவர்களும் ஆசிரியரும் இதை அறிந்திருந்தால் அவருக்குப் பாதிச் சுமை குறையும். வில்லையின் விலையும் சாதாரணக் கண்ணாடியைவிடப் பன்மடங்கு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். எளிய குடும்பங்களுக்கு இதுவே பெருந்தடை.

அணியும் காட்சியைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். மேசைமேல் ஒரு கண்ணாடியைப் படுக்கவைக்கின்றனர். சிறு ரப்பர் தாங்கியின்மேல் வில்லையை மல்லாத்தி, விளிம்புவரை கரைசலை ஊற்றுகின்றனர். ஒரு துளி காற்றும் உள்ளே அகப்படக்கூடாது. ஆகவே நிமிர்ந்து நின்று அணிய முடியாது. முகம் தரைக்கு இணையாகும்வரை குனிந்து, ஒரு கையால் இமைகளை அகல விரித்து, நீர் ததும்பும் அச்சிறு கிண்ணத்தை மெல்ல உயர்த்துகின்றனர். விழி நீரில் அமிழ்கிறது. மிஞ்சிய துளிகள் கன்னத்தில் வழிந்து மேசையில் விழுகின்றன. இமைகளை விட்டுவிட்டுத் தலை நிமிரும்போது, எதிர்ச்சுவரில் இருக்கும் நாட்காட்டியின் எண்கள் ஒற்றை ஒற்றையாகத் தெரிகின்றன.